பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டுச் செலவும் கடனும்: பிள்ளைகள் எதுவரை பொறுப்பு?

இறந்துபோன தந்தையோ தாயோ வாங்கிய கடனுக்கு, பிள்ளையாகப் பிறந்த ஒரே காரணத்தால் யாரும் தம் கைக்காசிலிருந்து பொறுப்பாக மாட்டார்கள். கடன் இறந்தவரின் சொத்தைப் பற்றி நிற்கும். அந்தச் சொத்து யார் கைக்கு வந்ததோ அவர், வந்த சொத்தின் மதிப்பு எவ்வளவோ அந்த அளவுக்குக் கடனைத் தீர்க்க வேண்டும். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு சொல்வது இதுதான். வருமான வரிப் பாக்கிக்கும் இதே வரம்புதான். சொத்து எதுவும் வராத பிள்ளையிடம் சட்டப்படி கேட்க ஒன்றும் இல்லை.

விதி இவ்வளவு எளிதாக இருந்தும், இழவு வீட்டில் அது நினைவுக்கு வருவதில்லை. அங்கே பேசுவது சட்டம் அல்ல, வழக்கம். கருமாதி முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் திண்ணையில் வந்து உட்காருபவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “உங்கப்பா வாங்குனது தம்பி, நீங்கதான் பாத்து முடிக்கணும்.”

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலையில், பழனிச் சாலை பிரியும் இடத்தில் இருக்கும் பெருமாள்மலை போன்ற ஓர் ஊரில் இந்தக் கேள்வி பல வடிவங்களில் வரும். காப்பி, மிளகு, பட்டர் ஃப்ரூட், மலைவாழை என்று சிறு தோட்டங்கள். சொந்தத் தோட்டம் இல்லாதவருக்குக் குத்தகைத் தோட்டம், எஸ்டேட் கூலி, சீசன் நேரத்துச் சுற்றுலா வேலை. வருமானம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வராது. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் கையில் காசு புரளும். மற்ற மாதங்களை ஓட்டக் கடன் வேண்டும். அதனால் அறுபது வயதில் ஒருவர் கண்ணை மூடும்போது கூட்டுறவு சொசைட்டியில் பயிர்க்கடன், வங்கியில் நகைக்கடன், உரக்கடையில் பாக்கி, யாரிடமோ புரோநோட்டு, தெரிந்தவரிடம் கைமாற்று, ஒத்தி வீடு என்று நாலைந்து கணக்குகள் திறந்தபடி கிடப்பது சாதாரணம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போகும் கடன்.

மகன் தலையில் இருந்த சுமை

அப்பன் கடனை மகன் தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் வெறும் ஊர்ப்பேச்சு அல்ல; ஒரு காலத்தில் அதுதான் சட்டம். தந்தை கடனோடு இறந்தால் அவர் ஆன்மா கரையேறாது, அதைத் தீர்ப்பது மகனின் சமயக் கடமை என்பது பழைய இந்து தரும நூல்களின் கருத்து. ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டன. இதில் முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் வந்தது. திருநெல்வேலிச் சீமையின் சிவகிரி ஜமீன்தார் கடனோடு இறந்தார். ஜமீன் மகனுக்கு வந்தது. அது பரம்பரைச் சொத்து, தந்தையின் கடனுக்கு அதைத் தொட முடியாது என்பது மகன் தரப்பு வாதம். 1882-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. கடன் ஒழுக்கக்கேடான காரியத்துக்கு வாங்கப்படாத வரை, மகன் கைக்கு வந்த ஜமீன் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அந்தக் கடைசி நிபந்தனையில் ஒரு கொடுமை ஒளிந்திருந்தது. சூதாட்டத்துக்கும் குடிக்கும் பட்ட கடனுக்கு மகன் பொறுப்பில்லை. ஆனால் கடன் அப்படிப்பட்டது என்று நிரூபிக்கும் சுமை மகனுடையது. ஆகவே குடும்பச் சொத்தில் தன் பங்கைக் காப்பாற்ற நினைத்தவர், கூண்டில் ஏறித் தன் தந்தையின் நடத்தையைத் தானே கெடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாடு 2005-இல் முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், சமயக் கடமை என்ற ஒரே அடிப்படையில் மகன், பேரன், கொள்ளுப்பேரன் மீது கடன் வசூலுக்குப் போக முடியாது என்று எழுதி வைத்தது. மகளுக்குப் பிறப்பிலேயே கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை தந்ததும் இதே திருத்தம்தான். இரண்டும் ஒன்றாக வந்தது பொருத்தமே: பங்கு மகளுக்கும் வருவதால், அந்தப் பங்கோடு ஒட்டிய கடனும் அந்த அளவுக்கு மகளுக்கும் வரும். கல்யாணமாகிக் கீழ்நாட்டுக்குப் போன மகளை வாரிசுச் சான்றில் மட்டும் சேர்த்துவிட்டு, கடன் பேச்சில் மகன்களை மட்டும் உட்கார வைப்பது வழக்கமே தவிர சட்டம் அல்ல.

முஸ்லிம் குடும்பங்களுக்கு வரிசை வெகு தெளிவானது. முதலில் அடக்கச் செலவு, பிறகு கடன், அதன்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத உயில், மிச்சம்தான் வாரிசுகளுக்கு. ஒவ்வொரு வாரிசும் தமக்கு வந்த பங்கின் அளவுக்கே கடனுக்குப் பொறுப்பு. கிறித்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். அங்கும் கடன் போக மிஞ்சியதுதான் பங்கு.

பெற்றோரை உயிரோடு இருக்கும்போது பராமரிக்கும் கடமை வேறு. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பிள்ளைகள் மேல் வைத்திருக்கிறது. தவறினால் பராமரிப்புத் தீர்ப்பாயம் மாதாந்தரத் தொகை கட்டச் சொல்லும். அந்தக் கடமை பெற்றோருக்குச் செய்ய வேண்டியது. பெற்றோருக்குக் கடன் கொடுத்தவர் அதை எடுத்துக்காட்டித் தன் வசூலுக்குப் பயன்படுத்த முடியாது.

எது இறந்தவர் சொத்து, எது இல்லை

கடன் சொத்தைத்தான் பிடிக்கும் என்றால், எது சொத்து என்பதே முதல் கணக்கு. வீடு, நிலம், வங்கி இருப்பு, வண்டி, வாடகைக்குக் கொடுத்த அட்வான்ஸ், பிறருக்குக் கொடுத்த கடன் எல்லாம் சேரும். ஆனால் குடும்பங்கள் பயந்துகொண்டு எடுத்துக் கொடுத்துவிடும் சில தொகைகள் கடன்காரருக்கு எட்டாதவை.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அவற்றில் முதன்மையானது. உறுப்பினர் இறந்ததும் நியமனதாரருக்குச் சேர வேண்டிய வைப்பு நிதித் தொகை, இறந்தவர் பட்ட எந்தக் கடனுக்கும் சட்டப்படி கட்டுப்படாது. எஸ்டேட்டிலோ ஓட்டலிலோ வேலை பார்த்து வைப்பு நிதி பிடித்தம் செய்யப்பட்டவருக்கு, அதோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை வர வாய்ப்புண்டு. இது இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, இறப்பால் வேலை முடிந்தால் கிடையாது. ஆயுள் காப்பீட்டுத் தொகையையும் கடன் தீர்ப்புக்காகப் பற்றுகை செய்ய முடியாது. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்தம் ஆகியிருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 2 லட்சம் ரூபாய் வரும். 20 ரூபாய் பிடித்தம் என்றால் விபத்துக் காப்பீடு. பாஸ்புக்கில் பதிவு போட்டு இந்த இரண்டு எண்களைத் தேடுவது பத்து நிமிட வேலை.

நகையில் ஒரு சிக்கல் உண்டு. அப்பா பெயரில் அடகில் இருக்கும் நகை பெரும்பாலும் அம்மாவுடையதோ மருமகளுடையதோதான். அடகுக் கடனைக் கட்டும் வரை வங்கி அதைத் தராது என்பது சரி. ஆனால் மீட்ட பிறகு அது இறந்தவர் சொத்தாகிவிடாது. கழற்றிக் கொடுத்தவருக்குச் சொந்தமான நகையை மற்றக் கடன்காரர்கள் கேட்க முடியாது.

இன்னொன்று நியமனம். நாமினி என்று பெயர் இருப்பவர் பணத்தை வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஆள். வங்கி இருப்பு அவர் ஒருவருக்கே சொந்தமாகாது, எல்லா வாரிசுகளுக்கும் உரியது. அந்தப் பணத்திலிருந்து கடனும் தீர்க்கப்பட வேண்டும்.

வாடகை, ஒத்தி, வரி, கரண்ட்

வீட்டுச் செலவுக்கு இறந்த நாளே எல்லைக்கல். அந்த நாள் வரை ஏறிய வாடகை இறந்தவர் கடன். அதை முதலில் அவர் கொடுத்த அட்வான்ஸில் கழிக்கலாம். அதற்குப் பிறகும் மனைவியோ பிள்ளையோ அந்த வீட்டில் தொடர்ந்து குடியிருந்தால், அந்த நாளிலிருந்து ஏறும் வாடகை குடியிருப்பவரின் சொந்தப் பொறுப்பு. வேறு ஊரில் இருக்கும் பிள்ளை, அப்பா குடியிருந்த வீட்டின் சாவியைச் சாமான்களோடு மாதக்கணக்கில் வைத்திருந்தால் வாடகை ஏறிக்கொண்டேதான் போகும். சாமான்களை எடுத்து, சாவியை ஒப்படைத்து, ஒப்படைத்ததாக ஒரு வரி எழுதி வாங்குவது நல்லது. நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தின் மீதிக் காலம் இரு தரப்பு வாரிசுகளையும் கட்டுப்படுத்தும்.

எஸ்டேட் லைன் வீடு வேலையோடு வந்தது. அதற்கு வாரிசுரிமை இல்லை. அந்த வீட்டுக்கு யாரும் கடனாளியும் இல்லை.

ஒத்தி வீடுதான் மலையிலும் கீழேயும் அதிகம் குழப்பும் விஷயம். இறந்தவர் இரண்டு லட்சம் கொடுத்து ஒத்திக்குக் குடியிருந்தார் என்றால், அந்த இரண்டு லட்சம் அவர் சொத்து. வீட்டைக் காலி செய்யும்போது வாரிசுகளுக்குத் திரும்ப வர வேண்டும். இறந்தவரே வீட்டுக்காரராக இருந்து ஒத்திப் பணம் வாங்கியிருந்தால் கதை தலைகீழ்: வீட்டை எடுத்துக்கொள்ளும் வாரிசு, ஒத்திக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துத்தான் வீட்டை மீட்க வேண்டும். ஒத்தி பல இடங்களில் பதிவு செய்யாத வெறும் முத்திரைத்தாளில் எழுதப்படுவது. அந்தத் தாளும், பணம் கைமாறியதைப் பார்த்த சாட்சிகளுமே குடும்பத்தின் ஆதாரம் என்பதால், இறந்தவரின் இரும்புப் பெட்டியில் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

சொந்த வீடு என்றால் ஊராட்சிக்குக் கட்டும் வீட்டு வரியும் தண்ணீர் வரியும் வீட்டோடு ஒட்டியவை. யார் வீட்டை எடுத்துக்கொள்கிறாரோ அவர் பழைய பாக்கியைத் தீர்த்துத்தான் பெயர் மாற்ற முடியும். மின் கட்டணமும் ஏறத்தாழ அப்படியே. மின்வாரிய விதிகள் இடம் கொடுத்தால், முந்தைய உரிமையாளர் விட்ட பாக்கியை வீட்டுக்குப் புதிதாக வருபவரிடம் கேட்கலாம் என்று 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் சொல்லியிருக்கிறது. வீடு வேண்டாம் என்று மற்றப் பங்காளிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவருக்கு இந்தச் செலவுகள் இல்லை.

அடமானமும் வெறுங்கடனும்

பத்திரத்தை வைத்து வாங்கிய வீட்டுக்கடன், இறந்தவரோடு முடிவதில்லை. வீடு வேண்டுமென்றால் தவணை தொடர வேண்டும். தவணை நின்று கணக்கு வாராக்கடன் ஆனால், 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும். அதற்கும் பணம் வராவிட்டால் நீதிமன்றம் போகாமலே வீட்டைக் கைப்பற்றலாம். கைப்பற்றும் நடவடிக்கை தவறு என்று நினைத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தென் மாவட்டங்களுக்கு அது மதுரையில் இருக்கிறது. ஏலத்தில் கடன் போக மிஞ்சும் பணம் வாரிசுகளுக்கே உரியது.

தோட்டக்காரர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. விவசாய நிலத்தின் மேல் வாங்கிய கடனுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நிலம் விவசாய நிலமா இல்லையா என்பதை ஆவணத்தில் போட்ட பெயர் மட்டும் தீர்மானிக்காது, அதன் தன்மையும் உண்மையான பயன்பாடும் பார்க்கப்பட வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. காப்பியும் மிளகும் நிற்கிற ஒரு ஏக்கருக்கும், அதே மலையில் காட்டேஜ் கட்டி வாடகைக்கு விட்ட ஒரு ஏக்கருக்கும் இதனால் வேறுபாடு வரும். விவசாய நிலமானால் வங்கி நீதிமன்றம் வழியாகத்தான் வர வேண்டும்.

வீட்டுக்கடனோடும் குழுக் கடனோடும் கூடவே ஒரு கடன் காப்பீடு பெரும்பாலும் போடப்பட்டிருக்கும். பிரீமியத்தைக் கடன் கொடுக்கும் நாளிலேயே பிடித்துக்கொள்வார்கள். கையில் வந்த தொகை கேட்டதைவிடச் சில நூறோ சில ஆயிரமோ குறைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். கடன் வாங்கியவர் இறந்தால் அந்தக் காப்பீடு மிச்சக் கடனை அடைக்கும். ஆனால் இறப்புச் சான்றோடு யாராவது கேட்டால்தான் அடைக்கும். வாராவாரம் வசூலுக்கு வருபவர் அதைத் தாமாகச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே தவணை கட்டும் முன் அனுமதிக் கடிதத்தைப் புரட்டிப் பார்ப்பது லாபம்.

கடன் முழுவதும் தீர்ந்தபின் பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023 உத்தரவு. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கடன் வாங்கியவர் இறந்திருந்தால் பத்திரத்தை வாரிசுகளிடம் ஒப்படைக்கும் நடைமுறையும் ஒவ்வொரு வங்கியிலும் இருந்தாக வேண்டும்.

ஈடில்லாத வெறுங்கடன்களின் நிலை வேறு. கிரெடிட் கார்டு பாக்கி, உரக்கடை நோட்டு, கைமாற்று, புரோநோட்டு இவற்றுக்கெல்லாம் கடன்காரர் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, இறந்தவர் விட்ட சொத்தின் மேல் நிறைவேற்ற வேண்டும். அதிலும் சமையல் பாத்திரம், படுக்கை, தொழில் கருவி, விவசாயி குடியிருக்கும் வீடு ஆகியவற்றைப் பற்றுகை செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு தடை போடுகிறது. கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் ஆயுள். இடையில் வட்டியோ அசலோ கட்டியதாகக் கையெழுத்தோடு வரவு வைக்கப்படாவிட்டால் அது தேதி போன நோட்டு. இறப்பால் அந்தக் காலக்கெடு நீள்வதில்லை. இறந்தவர் கொடுத்த செக் திரும்பினால் அதற்காகப் பிள்ளைகள் மேல் செக் மோசடி வழக்குப் போடவும் முடியாது. குற்றப் பொறுப்பு கொடுத்தவரோடு முடிகிறது.

கையெழுத்து

இத்தனை பாதுகாப்பையும் ஒரே நிமிடத்தில் இல்லாமல் ஆக்குவது பிள்ளையின் சொந்தக் கையெழுத்து. அப்பாவின் பழைய நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, “சும்மா ஒரு பேருக்கு” என்று மகன் பெயரில் புது நோட்டு எழுதச் சொல்வது வட்டிக்காரர்களின் நெடுநாள் வழக்கம். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து விழுந்ததும் அது அப்பாவின் கடனாக இருப்பதில்லை. மகனே கடனாளி, அவர் சம்பளமும் அவர் வாங்கிய இடமும் அதற்குப் பொறுப்பு. தேதி போன கடனைக் கட்டுகிறேன் என்று தானாக எழுதிக் கொடுத்த வாக்குறுதிகூட ஒப்பந்தச் சட்டப்படி செல்லும். அப்பா பேர் கெடக் கூடாது என்று கட்ட நினைப்பவர் தாராளமாகக் கட்டலாம். அப்படிக் கட்டுவதாக இருந்தால், பழைய நோட்டைத் திரும்ப வாங்கி, அதன் பின்புறத்தில் கணக்குத் தீர்ந்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கியபின் பணத்தைக் கொடுப்பதுதான் முறை. புது நோட்டு எழுதிக் கொடுப்பது அப்பா பேரைக் காப்பாற்றும் வழி அல்ல.

முன்பே போட்ட கையெழுத்துக்கும் இதே விளைவுதான். வீட்டுக்கடனில் இணைக் கடனாளியாக, சொசைட்டியில் ஜாமீன்தாரராக, கீழே உள்ள தனியார் மருத்துவமனையில் அட்மிஷன் படிவத்தில் பணம் கட்டுபவராகக் கையெழுத்துப் போட்ட பிள்ளை, வாரிசு என்பதால் அல்லாமல் ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டவர். சொத்து வந்ததா இல்லையா என்ற கேள்வியே அங்கு எழாது. பல குடும்பங்களில் பெற்றோரின் பெயரில் மிஞ்சும் கடைசிக் கடன் இந்த மருத்துவமனைக் கடன்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு

சொந்த நிலமில்லாத ஒரு குத்தகைத் தோட்டக்காரரைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். அவர் ஒத்திக்குக் கொடுத்தது 2,00,000 ரூபாய். வங்கி இருப்பு 35,000. அவருடைய சொந்த நகை அடகில் இருக்கிறது. மதிப்பு 3,00,000, வட்டியோடு கடன் 1,60,000. நகைக்கடன் ஈட்டுக்கடன் என்பதால் அது முதலில் கழிந்து 1,40,000 மிஞ்சும். ஆகக் கையில் இருப்பது 3,75,000.

இந்திய வாரிசுரிமைச் சட்டம் சொத்தை நிர்வகிப்பவருக்கு வகுத்த வரிசைப்படி, முதலில் நியாயமான ஈமச்செலவு. 45,000 என்று வைக்கலாம். பிறகு, இறப்புக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வேலை செய்தவர்களின் கூலிப் பாக்கி. மிளகு பறித்தவர்களுக்குத் தர வேண்டியது 12,000. கூலிக்காரரைக் கடன்காரருக்கு முன்னால் நிறுத்தும் இந்த விதி நூறாண்டு பழையது. அவ்வளவாக யாரும் கவனிக்காதது. இரண்டும் போக 3,18,000 இருக்கும்.

மற்றக் கடன்கள்: புரோநோட்டு வட்டியோடு 4,00,000, உரக்கடை 1,00,000, கைமாற்று 30,000, மொத்தம் 5,30,000. இவர்களுக்குள் முன்னுரிமை இல்லை. எனவே ரூபாய்க்கு 60 பைசா. நோட்டுக்காரருக்கு 2,40,000, உரக்கடைக்கு 60,000, கைமாற்றுக் கொடுத்தவருக்கு 18,000. மிச்சம் 2,12,000 ரூபாயை யாரிடமும் கேட்க முடியாது. மகன் மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கவும் தேவையில்லை. அவர் கடனாளியே இல்லை. இறந்தவரின் மனைவிக்கு ஆயுள் காப்பீட்டில் 2 லட்சம் வந்திருந்தால் அது இந்தக் கணக்குக்குள் வராது. நடைமுறையில் நடப்பது வேறு: சத்தமாகக் கேட்டவருக்கு முழுத் தொகையும், பேசாமல் இருந்தவருக்கு ஒன்றும் இல்லாமலும் போகிறது.

கேட்கும் முறைக்கும் எல்லை உண்டு

வங்கியின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட விதி. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் கடனாளியையோ குடும்பத்தாரையோ மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டம் வந்தது.

மலைத் தோட்டங்களில் முன்பணம் வாங்கி வேலைக்குப் போகும் வழக்கம் பழையது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலையிலும் கூலிகளாகக் குடியேறினார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் வந்தவர்களுக்கு முன்பணமே முதல் வரவு. அப்பா வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளை வேலை செய்ய வேண்டும் என்பது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். மூதாதையர் வாங்கிய முன்பணத்தையும் அந்தச் சட்டம் வெளிப்படையாகச் சேர்த்தே சொல்கிறது. அப்படிப்பட்ட கடனைத் திருப்பித் தரும் பொறுப்பே அழிந்துவிடும். சொத்து இருக்கிறதா என்று பார்க்கக்கூட இடமில்லை.

எல்லா நாடுகளிலும் வாரிசுக்கு இவ்வளவு நிம்மதி இல்லை. ஜெர்மனியில் வாரிசுக்குச் சொத்தோடு கடனும் சேர்ந்தே வரும். வேண்டாம் என்றால் ஆறு வாரத்துக்குள் மறுத்துவிட வேண்டும். பிரான்சில் நிபந்தனையில்லாமல் சொத்தை ஏற்றுக்கொண்ட வாரிசு, சொத்தைவிடக் கடன் அதிகமானாலும் முழுவதும் கட்ட வேண்டும். நிகரச் சொத்து அளவோடு நிற்க வேண்டும் என்றால் அதை முறைப்படி அறிவிக்க வேண்டும். அது தொலைதூரச் சங்கதி என்று தள்ள முடியாது. 1881-ஆம் ஆண்டு ஆணையின்கீழ் சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களின் வாரிசுரிமை பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் வழியில் வந்தது.

தாள்கள், வழக்கு, கணக்குப் புத்தகம்

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் இறப்புச் சான்று சிக்கலில்லாமல் கிடைக்கும். அதை வைத்து இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம், மனு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகக் கொடைக்கானல் வட்டாட்சியருக்குப் போகும். இடம் இருந்தால் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது அவசியம். குடும்பத்துக்குச் சொல்லாமல் அப்பா வைத்த அடமானம் அதில்தான் தெரியவரும். வங்கி இருப்புக்கு, தேவையான தாள்கள் கொடுத்தபின் 15 நாளுக்குள் கோரிக்கையை முடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் விதி செய்தது. நியமனதாரர் இல்லாவிட்டாலும் வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரை எளிய நடைமுறை உண்டு. அதற்கிடையில் அப்பாவின் ஏ.டி.எம். கார்டில் பணம் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். ஈமச்செலவுக்கு என்று சொல்லி எடுத்தது, பிறகு சொத்தில் கைவைத்ததாகக் கணக்கில் வரும்.

அப்பா மேல் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவர் இறந்தால், எதிர்த்தரப்பு 90 நாளுக்குள் வாரிசுகளை வழக்கில் சேர்க்க மனுச் செய்ய வேண்டும். அப்படி வரும் சம்மனை, நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வாங்காமல் விடுவது பெரிய தவறு. வராதவர் மேல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகும். நேரில் போய், தமக்கு வந்த சொத்து இன்னது, அதில் இன்னின்ன செலவும் கடனும் தீர்த்தாயிற்று என்று எழுத்தில் சொல்ல வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். திண்டுக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

கடன் விஷயத்தில் வாரிசு தோற்கும் இடம் ஒன்று இதில் உண்டு. வந்த சொத்தை முறையாகச் செலவழித்ததாக நீதிமன்றத்துக்குக் காட்ட முடியாவிட்டால், காட்ட முடியாத தொகை அளவுக்கு அவருடைய சொந்தச் சொத்திலிருந்தே வசூலிக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆகவே பந்தல்காரருக்குக் கொடுத்ததிலிருந்து உரக்கடைக்குக் கட்டியது வரை, தேதியும் ரசீதும் வைத்து ஒரே நோட்டில் எழுதி வர வேண்டும்.